சேவியர் அண்ணனின் செவ்வாய்க்கிழமை

போன வாரம் எங்கள் ஒழுங்கைக்குள் பொலிஸ் ஜீப் வந்தது. கொட்டாஞ்சேனையில் அது பெரிய செய்தி அல்ல. ஆனால் அது போய் நின்ற இடம் — சேவியர் அண்ணன் வீட்டு வாசல்!

துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பூனை குறுக்கே வந்தாலும் ஒதுங்கி வழிவிடுகிற மனிதர். அவருக்குப் பிடியாணையா?

"நான் என்ன களவெடுத்தனானே, தம்பி?" என்று கேட்டுக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

நடந்தது இதுதான். ஒரு பஸ் த்ரீவீலரை இடித்ததை அண்ணன் கண்ணால் பார்த்துவிட்டார். சாட்சி சொல்ல நீதிமன்றம் அழைத்தது. நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டார். நீதிமன்ற அவமதிப்புக்கு உங்களை ஏன் தண்டிக்கக்கூடாது, வந்து விளக்கம் சொல்லுங்கள் என்றார்கள். அதற்காவது போக வேண்டாமா? அன்றைக்கும் ஆளைக் காணவில்லை. விடுவார்களா...

அவருடைய மனைவி ரீட்டா அக்காவும் நானும் புதுக்கடை நீதிமன்றத்துக்கு ஓடினோம். அக்காவின் பைக்குள் அண்ணன் மாற்றி உடுக்க ஒரு சாரமும் பிரஷர் குளிசைகளும்.

"மறியலுக்கு அனுப்பி உள்ள போட்டா மனுசன் தாங்கமாட்டார், தம்பி" என்று அழுதார்.

பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுக் கூண்டில் நின்றார் அண்ணன். துறைமுகத்தில் சிங்களம் வெளுத்து வாங்கியவர்தான். பயத்தில் தமிழே தடுமாறியது. நீதவான் சிங்களத்தில் கேட்பதை மொழிபெயர்ப்பாளர்தான் தமிழில் சொன்னார்.

"விளக்கம் சொல்ல ஏன் வரவில்லை? எங்கே போனீர்கள்?"

"கொச்சிக்கடைக் கோயிலுக்கு, சேர். அண்டைக்குச் செவ்வாய்க்கிழமை, அந்தோனியார்ட நாள். அவருக்கு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வருவம் எண்டு போனனான். சரியான சனம். வரிசையை விட்டு வர மனசு கேக்கேல்ல."

"என்ன வேண்டினீர்கள்?"

அண்ணன் ரீட்டா அக்காவைப் பார்த்தார். பிறகு பைபிளைப் பார்த்தார். சத்தியம் செய்தாயிற்றே... பொய் சொல்ல முடியுமா?

"நீங்க அண்டைக்கு லீவில நிக்கோணும் எண்டு, சேர்."

மொழிபெயர்ப்பாளர் நீதவானை ஒருமுறை பார்த்தார். வேறு வழியில்லாமல் சிங்களத்தில் சொன்னார். சட்டத்தரணிகள் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார்கள். அக்கா பையை இறுக்கிப் பிடித்தார்.

நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் வந்திருந்தேன். வராதது நீங்கள்தான்."

கடுமையாக எச்சரித்தார். பிணையில் விட்டார். சாட்சி சொல்ல அடுத்த தவணை குறிக்கும்போது, "செவ்வாய் வேண்டாம், புதன் போடுங்கள்" என்றார். அந்த மனிதரை நான் மனதாரக் கும்பிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் நாம் எல்லோரும் அண்ணன்தானே? கடவுள் காப்பாற்றுவார் என்று நம்புகிறோம். நாம் போய் நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்பதில்லை!

கூண்டை விட்டு இறங்கிய அண்ணனின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாத்தியா தம்பி, அந்தோனியார் கைவிடேல்ல! வா, இப்பவே கொச்சிக்கடைக்குப் போய் நன்றி சொல்லிப்போட்டு வருவம்."

வாசலைத் தாண்டப் போனவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். பிணையில் இன்னும் கையெழுத்தே வைக்கவில்லை!