கன்னத்தில் பட்ட கல்

நகைக்கடை ஏசியில் விற்பனைப் பெண் என் உள்ளங்கையில் வைத்த சிவப்புக்கல் சில்லென்றிருந்தது. உடனே திருப்பிக் கொடுத்துவிட்டேன். குளிர்கிற இடத்தில் எந்தக் கல்லையும் நான் நம்புவதில்லை.

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் நாங்கள் இருந்த தகர வீட்டுக்குள் விடிந்து வெகுநேரம் வரை மூடுபனி கிடக்கும். தம்ளர், தாழ்ப்பாள், ஏலக்காய் வாசனை போகாத அம்மாவின் விரல்கள் எல்லாமே ஜில்லென்றிருக்கும். காய் பறிக்கும் பெண்களுக்குக் கல்லைச் சோதிக்க ஒரே வழிதான்: கன்னத்தில் வைத்தால் அசல் குளிரும், கண்ணாடி குளிராது. கல் ஆடுகிறதென்று அம்மா கழற்றிக் கொடுத்திருந்த சிவப்புக்கல் கல்யாணத் தோட்டைக் கீழே போடியில் சரிசெய்து எடுத்துக்கொண்டு, அவளுடைய தம்பி, என் மாமா, அப்படியொரு காலையில்தான் மலையேறி வந்தார்.

"கன்னத்துல வச்சுப் பாருக்கா. அதே கல்லுதான்."

வைத்துப் பார்த்தாள், குளிர்ந்தது. சந்தோஷமாக அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

சித்திரையில் போடிக்கு இறங்கினோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும்போதே வெயிலில் காது சுடுகிறதென்று அம்மா தோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மாமா வீட்டு வாசலில் அத்தை, "வாங்க மதினி" என்று கட்டிக்கொண்டாள். அவள் காதில் சிவப்புக்கல் வைத்த புதுத்தோடு. அம்மா உடனே விலகவில்லை, கன்னத்தை அவள் காதோடு அப்படியே வைத்திருந்தாள். பிறகு சாப்பிட்டோம், "இன்னும் கொஞ்சம் வச்சுக்கக்கா" என்று மாமா சொல்ல, அம்மா வைத்துக்கொண்டாள்.

திரும்பும் ஜீப்பில், பனி தொடங்கும் வளைவில், தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்தாள்.

"அவ காதுல கெடந்த கல்லு, அந்த வெயில்லயும் ஜில்லுன்னு இருந்துச்சுடி."