பேக்கப் பற்றிப் பாடம் எடுத்தவரின் பேக்கப்

இன்று நீடாமங்கலம் பஸ்ஸில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் சர்வர் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக நடத்துகிறோமே, அந்த ஓப்பன் சோர்ஸ் மீட்டப். டீக்கடை பெஞ்சில் ஆறு பேரோடு ஆரம்பித்தது, இந்த ஞாயிறு கல்யாண மண்டபத்துக்குப் போகிறது.

முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் சர்வர் அவர் பொறுப்பில்.

"சார், ஞாயித்துக்கெழம மீட்டப்புக்கு மொத நாளே பேர் கொடுத்தேன். மறுபடியும் கொடுக்கச் சொல்லி மெசேஜ் வந்துச்சே?"

"ஆமாங்க, ஃபார்மைப் புதுசா மாத்தியிருக்கோம்."

பொய். பெயர்ப் பட்டியல் இருந்த டிஸ்க் போய்விட்டது. தினமும் பேக்கப் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். திறந்தால் எல்லா ஃபைலும் காலி.

"அதுக்கென்ன சார், கொடுத்துடுறேன். போன தடவ நீங்க சொன்னீங்கள்ல, பேக்கப் எடுத்தா மட்டும் போதாது, திருப்பிப் போட்டு எல்லாம் வருதான்னு பாக்கணும்னு? மறுநாளே பாத்தேன். எங்களுது காலியா கெடந்துச்சு. நீங்க சொல்லலேன்னா பசங்க மார்க்கெல்லாம் போயிருக்கும் சார்."

ரோட்டோரம் காயும் நெல்லையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவரிடம் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். ஃபார்ம் மாறவில்லை, பட்டியலைத் தொலைத்தது நான்தான். மறுபடி பேர் கொடுங்கள். ஞாயிறன்று பேக்கப் பற்றிப் பேச அவரைத்தான் கேட்கப்போகிறேன். நான் நோட்டும் பேனாவுமாக முன்வரிசையில் இருப்பேன்.

பேக்கப்பைத் திருப்பிப் போட்டே பார்க்காதவர்கள் யாராவது பக்கத்தில் வந்து உட்காருங்கள். தனியாக உட்காரக் கூச்சமாக இருக்கிறது.