வளைவே இல்லாத சாலையில் ஒரு ஹாரன்

எதிரே வண்டி இல்லை, ஆள் இல்லை, ஆடு மாடு இல்லை. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஒரு வளைவுகூட இல்லை. அப்படிப்பட்ட சாலையில் மச்சான் நீளமாக ஹாரன் அடித்தார். இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை.

மச்சான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். எங்கள் கம்பம் ஊரிலிருந்து கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப் அவருடையது. குமுளி மலைப்பாதையில் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவார் என்று ஊரில் சொல்வார்கள். ஊர் சொல்ல மறந்தால் அவரே சொல்லிக்கொள்வார். நாக்பூர் வேலையை விட்டுவிட்டு நான் ஊர் திரும்ப இருந்தபோது, "என் கொழுந்தியா சாமானை வேற எவன் ஏத்துறது?" என்று அக்காவையும் கூட்டிக்கொண்டு அந்த ஜீப்பிலேயே வந்து இறங்கினார். ஆபீசில் என்னை விடுவிக்காமல் இழுத்தடித்தார்கள். புறப்படும்போது வீரபாண்டித் திருவிழா நெருங்கியிருந்தது.

அதுதான் சிக்கல். மஞ்சள் காமாலையிலிருந்து மச்சான் பிழைத்ததற்காக அக்கா அந்த வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தாள். கோயிலில் கம்பமரம் நடும் நாளில், சட்டி எடுக்கிறவர் ஊரில் இருந்தாக வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். தவறினால் அந்த வருடம் சட்டி கிடையாது. வேண்டுதலைத் தள்ளிப்போட அக்காவுக்குப் பயம். அவள் பயத்தைப் பார்த்து மச்சானுக்கு அவசரம். வண்டியை எங்கும் நிறுத்த மாட்டேன் என்றார்.

தெலங்கானாவுக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வெறும் கரிசல், நடுவே நூல் பிடித்த மாதிரி சாலை. எங்கள் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை நிற்கும். அங்கே வானம் தரையில் வந்து உட்கார்ந்திருந்தது. வளைவுக்கு வளைவு கையும் காலும் ஓயாமல் வேலை செய்து பழகிய மனிதருக்கு அந்தச் சாலையில் செய்ய ஒன்றுமே இல்லை. அப்போதுதான் அந்த ஹாரன். அடித்த கையோடு ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார். ஜீப் சாலையை விட்டு இறங்கிக் குலுங்கியது. பின்னால் கட்டியிருந்த பாத்திரங்களெல்லாம் உருண்டன. அக்கா பதறி விழித்தாள்.

"மாடு குறுக்க வந்துருச்சு" என்றார் மச்சான்.

மாடு எதுவும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறார். தூக்கத்தில் குமுளி ஏறியிருக்கிறார். "ஒரு டீ குடிச்சிட்டுப் போகலாமே மச்சான்" என்றேன். "என்ன கொழுந்தியா, என் கைமேல சந்தேகம் வந்துருச்சா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அனந்தப்பூர்ப் பக்கம் அதே வெயில், அதே நேர்கோடு. அவரைப் பேச வைத்தால்தான் பிழைப்போம் என்று தோன்றியது. "குமுளி ஏறுறோம், லோயர் கேம்ப் தாண்டிட்டோம் மச்சான். அடுத்த வளைவுல என்ன இருக்கு?" என்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. "கரண்டுக்காரவுக போட்ட பெரிய பைப்பு." "அதுக்கு அடுத்து?" "ஒரு ஊத்து. நம்ம பொம்பளையாளுக அங்கனதான் தண்ணி புடிப்பாக." சமவெளியில் நாங்கள் மலை ஏறிக்கொண்டிருந்தோம். அக்கா பின்னால் அசந்து தூங்கினாள். நான் மட்டும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்த வளைவுல?" பதில் இல்லை. மறுபடி கேட்டேன். கண் திறந்திருந்தது; ஆள் இல்லை. நான் எட்டி ஹாரனை அழுத்தினேன். மச்சான் திடுக்கிட்டு விழித்து பிரேக்கை மிதித்தார். பழுதாகி நின்றிருந்த ஒரு லாரியின் பின்பக்கம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

அக்கா இறங்கி வந்து சாவியை உருவினாள்.

"கண்ணு அசந்துருச்சு" என்றார் மச்சான். அவர் அப்படி ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை. "ஒரு சோடா குடிச்சா சரியாயிரும். இப்ப நின்னா கம்பம் நடுறதுக்குப் போய்ச் சேர முடியாது."

"எந்த உசுருக்கு நேந்தேனோ, அதை இங்கன விட்டுட்டு அங்கன போயி நான் சட்டி எடுக்கவா? ஒறங்குங்க. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

புளிய மர நிழலில் துண்டை விரித்துப் படுத்தவர் பொழுது சாயும் வரை அசையவில்லை. அக்கா சாவியை இறுக்கிப் பிடித்தபடி பக்கத்திலேயே இருந்தாள். நாங்கள் வீரபாண்டி வந்தபோது கம்பமரம் நட்டாகிவிட்டது; அதற்குப் பெண்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் ஒரு குடம் ஊற்றினாள், அழுதாள். சட்டியை அடுத்த வருடம் எடுத்தாள்.

மச்சானுக்கு இப்போது பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறல்தான். ஜீப்பை விற்றாயிற்று. வைத்தியத்துக்கு அவரை மதுரைக்குக் கூட்டிப் போவது நான்தான், என் காரில். போன மாதம் திரும்பி வரும்போது தேனி தாண்டிப் புதிய பைபாஸ் சாலை. நல்ல மதியம், காலியான நேர் ரோடு. பின்சீட்டில் அக்கா தூங்கிவிட்டாள். முன்சீட்டில் மச்சானும் தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

திடீரென்று ஹாரன் அலறியது. தூக்கிவாரிப் போட்டு விழித்தேன். மச்சானின் வலது கை என் ஸ்டியரிங் மேல் இருந்தது.

"கொழுந்தியா" என்றார், ஒவ்வொரு எழுத்தாக இழுத்து. "அடுத்த... வளைவுல... என்ன இருக்கு?"

காரை ஓரம் கட்டினேன். சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, சீட்டைச் சாய்த்துப் படுத்தேன்.