டி என்றால் தீடாக்

மீனலோசனிக்கு நாலு பேர் முன்னால் வாயைத் திறப்பதென்றால் வேப்பங்காய். பிரிக்பீல்ட்ஸில் அவளுடைய அப்பா தம்பு, ரயில்வே குமாஸ்தா, வீட்டில் பேசும் வேலை முழுவதையும் தானே பார்த்துக்கொண்டதால், மகள் எண்களோடு ஒதுங்கிக்கொண்டாள். 1996-இல் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் புள்ளியியல் உதவியாளர். நாற்பது வயதாகியும் கூட்டமென்றால் கடைசி நாற்காலிதான்.

அந்த வருஷம் கேரி தீவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் களைக்கொல்லி மருந்தடிக்கும் பெண்கள் சிலருக்கு மூக்கில் ரத்தம் வர, நிலையத்தார் எல்லோருடைய ரத்தத்தையும் சோதித்தார்கள். மருந்துதான் அவர்களைக் கெடுக்கிறது என்று தெரிந்தால் மருந்தடிப்பை நிறுத்துவதாகத் தோட்ட மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். இல்லையென்றால் அவர்கள் மறுநாளும் தோளில் பம்பைத் தூக்கியாக வேண்டும்.

மீனா கணினியில், எண்களை நிறமாகக் காட்டும் ஹீட்மேப் போட்டாள். ஒரு பெண்ணுக்கு ஒரு வரிசை. ரத்தத்தில் கோளாறு கூடக் கூடக் கட்டங்கள் சிவக்கும். பக்கத்தில் ஒல்லியாக ஒரு பட்டை: மூக்கில் ரத்தம் வந்தவளுக்குக் கறுப்பு, வராதவளுக்கு வெள்ளை. சிவப்பும் கறுப்பும் சேர்ந்து நின்றால் மருந்துதான் காரணம் என்று யாருக்கும் புரியும்.

சேரவில்லை. சிவந்த வரிசைகளுக்கு எதிரே பெரும்பாலும் வெள்ளை. தலைமை ஆய்வாளர் டாக்டர் சண்முகரத்தினம் ஒரு பார்வை பார்த்தார். மூக்கில் ரத்தம் வருவது வெயிலால்தான் என்று முடித்துவிட்டார். பட்டம் கூடக் கூடச் சந்தேகம் குறைந்துவிடும் போலிருக்கிறது.

கூட்டத்தன்று காலை மேனேஜர் வந்து உட்கார்ந்தாயிற்று, காப்பியும் உள்ளே போயாயிற்று. மீனா தன் மேசையில் பெயர்களைப் படத்தோடு கடைசியாக ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே ஒரு வரிசை, நல்ல சிவப்பு. புஷ்பவல்லி. எதிரே வெள்ளை.

ரத்தம் எடுத்த அன்று பேசிக்கொண்டிருக்கும்போதே புஷ்பவல்லியின் மூக்கிலிருந்து வழிந்ததே! மீனா தன் கைக்குட்டையைத்தானே எடுத்துக் கொடுத்தாள்?

பதிவைத் திறந்தாள். எல்லாம் மலாய் மொழியில். ஆம் என்றால் 'யா', அதற்கு ஆங்கில எழுத்து ஒய். இல்லை என்றால் 'தீடாக்', அதற்கு டி. புஷ்பவல்லிக்கு நேரே ஒய் என்று சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மென்பொருளைச் செய்தவர்கள் மலாயைக் கண்டார்களா? அவர்களுக்கு டி என்றால் 'ட்ரூ', உண்மை. மீனாவும் பழக்கதோஷத்தில் டி-க்குக் கறுப்பு என்று கட்டளை எழுதியிருந்தாள். இல்லை என்றவர்களெல்லாம் கறுப்பு. ரத்தம் சிந்தியவர்களெல்லாம் வெள்ளை. பாவி, என்ன காரியம் செய்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஓர் எழுத்தை மாற்றினாள். பாழாய்ப்போன பிரிண்டர் புரொஜெக்டருக்கான பிளாஸ்டிக் தாளை அங்குலம் அங்குலமாகக் கக்கியது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பழைய படம் சுவரில் விழுந்துவிட்டது. மேனேஜர் தலையாட்டினார், மருந்தடிப்பு தொடரலாம் என்று கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். சொன்னால் மீனாவின் வேலை போகலாம். மை காயாத தாளைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"டாக்டர், அந்தப் படம் தலைகீழு. தப்பு என்னோடது."

சண்முகரத்தினத்தின் முகம் சுருங்கியது. அப்புறம் பார்க்கலாம், வெளியே இருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவள் நகரவில்லை.

"டி-ன்னா ட்ரூ இல்ல, டாக்டர். தீடாக்."

டாக்டர் சுவரையே பார்த்தார். உதடுகள் அந்த இரண்டு சொற்களையும் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தன. பிறகு தானே எழுந்து பழைய தாளை உருவினார்.

"போடுங்க, மீனா."

சிவப்புக்கு எதிரே கறுப்பு வரிசையாக இறங்கியது. மேனேஜர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். அந்த வாரமே மருந்தடிப்பு நின்றது. டாக்டர் வெகுநாள் மீனாவோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அவளும் அதற்காக வருந்தவில்லை.

அடுத்த சோதனைக்குக் கேரி தீவுக்குப் போனபோது புஷ்பவல்லி கைக்குட்டையைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். கறை போகவில்லை என்று கூச்சப்பட்டாள். மூக்கில் ரத்தம் வருகிறதா என்று மீனா கேட்டாள்.

"இப்ப இல்லக்கா."

அந்தக் கட்டத்தில் மீனா டி என்று போடவில்லை. 'தீடாக்' என்று முழுசாக எழுதினாள்.