வரிப்புழுவும் மகளின் ஓணானும்

நாங்கள் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், மாசி (Massey) என்ற புறநகரில் இருக்கிறோம். மகள் பள்ளி முகாமுக்குப் போனபோது, அவள் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் தாடி ஓணானுக்கு (bearded dragon) நான்தான் இரை போட்டேன். கடையில் வாங்கிய வெட்டுக்கிளிகள் தீர்ந்துபோனதால், தோட்டத்தில் எருக்கு வகைச் செடி ஒன்றில் இருந்த, வண்ணத்துப்பூச்சியாக மாறும் கொழுத்த வரிப்புழு ஒன்றைப் பிடித்துத் தொட்டிக்குள் போட்டேன்.

கணவர் எட்டிப் பார்த்தார். "அந்தச் செடியோட பாலே விஷம். அதைத் தின்ன புழுவும் விஷந்தானே?"

ஓணான் நாக்கை நீட்டியபோதே புழுவைப் பறித்துவிட்டேன். ஆனால் நக்கியிருக்குமோ? கால்நடை மருத்துவருக்கு போன் செய்தேன். "சோர்ந்து போனால் உடனே கொண்டு வாருங்கள்" என்றார். அன்று முழுக்கத் தொட்டியையே சுற்றி வந்தேன். மாலையில் அது கீரையைக் கடித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

திரும்பி வந்த மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வெட்டுக்கிளி இல்லாட்டி ஒன் டே கீரை மட்டும் போட்டாலே ஓகே அம்மா" என்றாள். இப்போது தோட்டத்திலிருந்து எதையும் பிடித்துப் போடுவதில்லை. சந்தேகம் வந்தால் அவளைக் கேட்கிறேன்.