முழத்துக்கு மேல் நாலு விரல்

காரணமே இல்லாமல் கோபப்படுகிறவன் என்று காரவள்ளியில் மாதேஸ்வரனைப் பற்றிச் சொல்வார்கள். அது அபாண்டம். காரணம் இல்லாமல் அவன் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. காரணங்கள்தான் அவனைத் தேடிக்கொண்டு வந்தன. சேலத்தில் பஸ் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தபோது, பிரேக் சரியில்லாத பஸ்ஸை இன்னும் ஒரு நடை விடச் சொன்ன முதலாளியிடம், "நீங்களே ஓட்டுங்க" என்று ஸ்பேனரைக் கையில் கொடுத்துவிட்டு வந்தவன் அவன். மலையடிவாரத்துக் காரவள்ளியில் வண்டி ரிப்பேருக்கு ஓலைக் கொட்டகை போட்டு உட்கார்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அறுபத்தேழாம் வருஷம் அவனைத் தேடி வந்த காரணத்தின் பெயர் வேலப்பன்.

வேலப்பன் மலைமேல் பெரக்கரை நாடு என்கிற ஊர்க்காரர். மிளகும் பலாவும் வைத்திருந்தார். யாரோ எஸ்டேட்காரர் கழித்துப் போட்ட இங்கிலீஷ் வேன் ஒன்றை வாங்கி, அதைக் கொட்டகை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். டயர் நான்கும் நார் நாராகத் தொங்கின. அந்த அளவு டயர் இனி எங்கேயும் கிடைக்காது என்பதால், மிலிட்டரி ஏலத்தில் எடுத்த ஜீப் சக்கரங்கள் நான்கைப் பின்னால் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

மாதேஸ்வரன் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தான். வண்டியைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டைகளில் பாதியைக் காணோம். வண்டி தரையோடு படுத்துக் கிடந்தது.

"யாருங்க வண்டிய இப்படிப் படுக்க வச்சது?"

"நாந்தானுங்க மேஸ்திரி. கொல்லன்கிட்டச் சொல்லிக் கழட்டுனேன். எங்கூட்டுக்காரி ஏறோணுமில்லீங்க."

விஷயம் இதுதான். வேலப்பனின் மனைவி சின்னாயி மிளகு பறிக்கும்போது ஏணி சரிந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். டோலியில் கட்டிக் கீழே தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரி முடிந்து நான்கு மாதமாகக் காரவள்ளியில் தன் தம்பி வீட்டில் கிடந்தாள். இப்போது மெல்ல நடந்தாள். ஆனால் கால் ஒரு முழ உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. பஸ் படி எட்டாது. முக்காலியோ கல்லோ போட்டால் ஏற மாட்டாள். ஏணியிலிருந்து விழுந்தவளுக்கு ஆடுகிற எதன் மேலும் நம்பிக்கையில்லை. தூக்கி வைக்கலாம் என்றால் அதற்கும் ஒப்பவில்லை. "பொணமாட்டம் தூக்கியாந்தீங்க. போறப்ப எங்காலுலதான் போவேன். இல்லீன்னா இங்கயே கெடக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். வேலப்பனுக்கு அவள் ஏறுவதுதான் முக்கியம். வண்டியெல்லாம் அப்புறம்.

"சக்கரம் பெருசு, வண்டி தாழ்வு. ரெண்டும் எப்படிங்க ஒத்துப்போவும்? கழட்டுன பட்டையத் திருப்பிப் போடுங்க" என்றான் மாதேஸ்வரன்.

"பட்டை போட்டா ஒசந்துரும்ங்க."

"போடலைன்னா டயரு மட்கார்டுல தேயும்ங்க."

"தேயாம மாட்டிக் குடுங்க மேஸ்திரி."

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புக்காகவே சுத்தியலால் ஒரு போடு போடலாம் போலிருந்தது மாதேஸ்வரனுக்கு.

ஒரு வாரம் அந்த வண்டி அவன் உயிரை வாங்கியது. வண்டியில் போல்ட்டு நான்கு, ஜீப் ரிம்மில் துளை ஐந்து. இரும்புத் தகடு வெட்டி இரண்டுக்கும் பொதுவாகத் துளை போட்டு மாட்டினான். சக்கரம் உள்ளே இடித்தது, தகட்டைத் தடிமனாக்கினான். வெளியே துருத்தியது, மட்கார்டு ஓரத்தை அடித்து மடக்கினான். திட்டாத நாளில்லை. கடைசியில் வெறும் வண்டி எந்தப் பக்கம் ஒடித்தாலும் டயர் உரசாமல் திரும்பியது. கதவடியில் உயரத்தை அளந்தான். முழத்துக்கு மேல் நாலு விரல்.

"அந்த நாலு விரலையும் கொறைங்க" என்றார் வேலப்பன்.

மாதேஸ்வரன் போய்ப் பானைத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

வழி அப்போதுதான் தோன்றியது. பாரம் ஏற்றினால் வண்டி அமுங்கும். அமுங்கின நேரத்தில் அவள் ஏறட்டும். பிறகு பாரத்தை இறக்கிவிட்டால் மட்கார்டும் டயரைத் தொடாது. சந்தைக்கு வந்திருந்த மலைக்காரர்கள் ஐந்து பேரை ஏறி நிற்கச் சொன்னான். மூன்று விரல் இறங்கியது. ஒரு விரல் பாக்கி. பல்லைக் கடித்துக்கொண்டு ஆறாவதாக அவனே ஏறினான். கதவடி முழத்துக்கு வந்தது. தம்பி வீட்டிலிருந்து நடந்து வந்திருந்த சின்னாயி கதவுச் சட்டத்தைப் பிடித்து, யாரையும் தொட விடாமல், ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

அந்தச் சந்தோஷத்தில் வேலப்பன் ஒரு காரியம் செய்தார். சக்கரத்துக்கு முன்னால் தேங்காயை உடைத்தார். உடைத்த கையோடு ஏறி வண்டியை எடுத்துவிட்டார்.

"நிறுத்துங்க, நாங்க எறங்கோணும்" என்று பின்னாலிருந்து கத்தினான் மாதேஸ்வரன்.

"எறங்கப்படாதுங்க" என்றான் பக்கத்தில் நசுங்கிக்கொண்டிருந்த மாதன், அந்த ஐவரில் மூத்தவன். "தேங்கா ஒடைக்கறப்ப வண்டியில இருந்தவிய ஊரு போயித்தான் எறங்கோணும். நடுவால எறங்குனாலும் வேறாளு ஏறுனாலும் வண்டிக்கு ஆவாது."

"தேஞ்சு டயரு வெடிச்சா மட்டும் ஆவுமா?"

அது அவர்கள் ஊர் வழக்கம். நேர்ரோட்டில் வண்டி சமர்த்தாக ஓடியது. முதல் கொண்டை ஊசி வளைவில் வேலப்பன் ஸ்டியரிங்கை ஒடித்ததும் கறகறவென்று சத்தம், ரப்பர் கருகுகிற நாற்றம். வண்டி நின்றது. மாதேஸ்வரன் குதித்துப் பார்த்தான். டயரில் தோல் உரித்ததுபோல் ஒரு பட்டை சீவியிருந்தது. இன்னும் நாலு வளைவு தாங்காது. மற்ற ஐந்து பேரும் இறங்காமல் நின்றார்கள். வேலப்பனும் அவர்கள் பக்கம்தான் பேசினார். மாதேஸ்வரனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

முன்சீட்டிலிருந்து சின்னாயி திரும்பினாள். "தேங்கா எனக்குத்தான ஒடைச்சது? நான் எறங்கல, ஊடு போய்ச் சேருற மட்டும் எறங்க மாட்டேன். நீங்க எறங்கி நடங்க சாமி."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள். இலேசான வண்டி எழும்பி, உரசாமல் வளைவைத் தாண்டிப் போனது. ஐந்து பேரும் குறுக்குத் தடத்தில் ஏறினார்கள். கொண்டை ஊசிகளைச் சுற்றிச் சுற்றி, கொதிக்கிற வண்டிக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் போகிற வேலப்பனுக்கு முன்பே அவர்கள் போய்விடுவார்கள். விட்டது சனி என்று மாதேஸ்வரன் கொட்டகையைப் பார்த்து இறங்கத் தொடங்கினான்.

இருபது அடிகூடப் போயிருக்க மாட்டான். வண்டி இப்போது முழத்துக்கு மேல் நாலு விரல் உயரத்தில் போகிறது. வீட்டு வாசலில் அவள் எப்படி இறங்குவாள்? ஐந்து பேரோடு மெலிந்த அவள் பாரமும் சேர்ந்தால்கூட ஒரு விரல் பாக்கி நிற்கும்; ஆறாவதாக வேறாளை ஏற விடமாட்டார்கள். அளந்தவனே அவன்தான். யாராவது அவசரப்பட்டு அவளைத் தூக்கி இறக்கிவிடுவார்கள்.

"நாசமாப் போன வண்டி" என்று சத்தமாகச் சொன்னான். பிறகு திரும்பி மலையேறினான். ஒன்பது வருஷமாக அடிவாரத்தில் இருந்தும் ஒருதடவைகூட ஏறாத மலை. பாறைக்குப் பாறை உட்கார்ந்து வேலப்பனையும், கொல்லனையும், ஜீப்பையும், தேங்காயையும் திட்டினான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது வண்டி வாசலில் நின்று வெகுநேரமாகியிருந்தது. ஊரே கூடியிருந்தது. ஐந்து பேரும் பின்னால் ஏறி நின்றார்கள். தேங்காய் உடைத்தபோது பின்னால் நின்றவர்கள் தவிர வேறு யாரும் அங்கே ஏறத் துணியவில்லை. தூக்கி இறக்கிவிடுகிறோம் என்று வேலப்பன் கெஞ்சிக்கொண்டிருந்தார். சின்னாயி ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி அசையாமல் இருந்தாள். பாதத்துக்கும் மண்ணுக்கும் ஒரு விரல் இடைவெளி.

மாதேஸ்வரனுக்குப் பேச மூச்சில்லை. மாதனை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறி நின்றான். வண்டி அமுங்கியது.

நெரிசலில் அவனுக்கு அவள் கால் தெரியவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது.

"யாரும் அசையாதீங்க" என்றான்.

மண்ணில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாதங்கள் பதிகிற சத்தம் கேட்டது, பிறகு அந்தக் கை சட்டத்தை விட்டது.