முன்னால் மூன்று பெட்டிகள்

எங்கள் வோர்சியில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. இதை நானாகச் சொல்லவில்லை, ஊரே சொல்லும். பாதி ஊர் காலை ஆறு ஐம்பத்திரண்டு ரயிலில் பாரிசுக்கு வேலைக்குப் போகும், மீதிப் பாதி ஏழு பதினெட்டில் போகும். சாயங்காலம் எல்லாம் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொள்ளும். நடுவில் ஊரைக் காவல் காக்கிறவர்கள் கைக்குழந்தைகள், பூனைகள், நான், ரொலாந்த். என் பெயர் மர்சியால். ரயில் நிலையத்துக்கு எதிரே காப்பி, ஒயின், பத்திரிகை, சிகரெட் விற்கிற கடை என்னுடையது. ரொலாந்த் அடுத்த வீட்டுக்காரி.

அவள் அந்த நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் டிக்கெட் கொடுத்தவள். யார் எந்தப் பெட்டியில் ஏறுவார்கள் என்பதிலிருந்து, யார் வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினமும் பாரிஸ் போய்ப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள் என்பதுவரை அவளுக்குத் தெரியும். ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. அவள் புருஷன் ஜில்பேரும் ஆறு ஐம்பத்திரண்டு ஆசாமிதான். எங்கேயாவது போகலாமா என்று இவள் கேட்டால், "வாரம் முழுக்க ரயில்ல கெடக்கறேன், ஞாயித்துக்கிழமையும் ரயிலா?" என்று சோபாவில் சாய்ந்துவிடுவான். அவன் போய்ச் சேர்ந்த பிறகு தனியாகக் கிளம்ப இவளுக்கு மனம் வரவில்லை. கவுண்டரை மூடி இயந்திரம் வைத்து இவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். சும்மா இருக்க முடியுமா? மாடியில் இரண்டு அறைகளைத் துடைத்துச் சுற்றுலாக்காரர்களுக்கு விட ஆரம்பித்தாள்.

"உனக்கென்ன கிறுக்கா? இந்த ஊரைப் பாக்க யாரு வருவா?" என்றேன்.

"உன் கடைக் காப்பியைக் குடிக்கவே ஆள் வருது. என் வீட்டுக்கு வரமாட்டாங்களா?"

வந்தார்கள். பாரிஸ் சத்தம் பிடிக்காதவர்கள், சுற்றுவட்டாரத்துக் கோட்டை, மடம், காடு என்று அலைய ஆசைப்பட்டவர்கள், இங்கே படுத்து எழுந்து தினம் ஒரு பக்கமாகப் போனார்கள். போகிற ஒவ்வொருவருக்கும் ரொலாந்த் ஒரு தாள் எழுதிக் கொடுப்பாள். எத்தனை மணி ரயில், எந்த நடைமேடை, எந்தப் பெட்டி, எந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தால் எத்தனாவது நிமிஷத்தில் கோட்டை தெரியும், இறங்கினால் எங்கே நல்ல கழிப்பறை இருக்கிறது என்பதுவரை இருக்கும். வந்தவர்கள் அதை வேதவாக்காக மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த இடங்களில் ஒன்றையும் அவள் பார்த்ததில்லை. துண்டுப் பிரசுரங்களைப் படித்தும், போய்வந்தவர்களின் வாயைக் கிளறியும் சேர்த்ததுதான் எல்லாம்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமா, ரொலாந்த்?"

"நீ கறி வைக்கற லட்சணம் எனக்குத் தெரியாதா? போய் கிளாஸைக் கழுவு."

இந்த வருஷம் வசந்தம் முழுக்க மழை. அறைகள் காலியாகவே கிடந்தன. நாந்த் நகரத்தில் இருக்கும் அவள் மகள் தினமும் தொலைபேசியில் ஓதினாள்: வீட்டை விற்றுவிடு, என்னோடு வந்துவிடு. ரொலாந்தும் ஒருநாள் சரி என்றுவிட்டாள். ஜூன் கடைசித் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுத் தரகர் தாளோடு வருவார், கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. என்னிடம் சொன்னபோது, "அதுவும் நல்லதுதான்" என்றேன். பொய். முப்பது வருஷமாக வாய்ச்சண்டை போட்ட ஆள் போய்விட்டால் நான் யாரோடு பேசுவேன்? வாடிக்கையாளர்களோடா? அவர்கள் ரயிலைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்கிறவர்கள்.

அந்தத் திங்களுக்கு முந்தைய புதன்கிழமை வந்து இறங்கினார்கள் சந்தோனி தம்பதி, ஒரு வாரம் தங்க. கோர்சிகா தீவுக்காரர்கள். அவர் ஆன்ஜ், கப்பல் எஞ்சினோடு நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியதில் காது பாதி போனவர். அந்தம்மா தெவோத், கணவருக்கு மிச்சமிருக்கும் பாதிக் காதையும் ஓய்வில்லாமல் பேசியே தீர்த்துக்கொண்டிருப்பவர். வெள்ளிக்கிழமை தெவோத்துக்கு எழுபத்தைந்து வயது. பலூனில் பறக்க வேண்டும் என்பது சின்ன வயது ஆசையாம். பெல்வோ ஊருக்கு வெளியே புல்வெளியில் அன்று சாயங்காலம் ஏழேகாலுக்கு இருக்க வேண்டும், காற்று யாருக்காகவும் காத்திருக்காது என்று பலூன்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ரொலாந்த் அன்று எழுதிய தாளை நானே பார்த்தேன். "இதுதான் என் கடைசித் தாள், மர்சியால். பிசகில்லாம இருக்கணும்" என்று இரண்டு தடவை படித்தாள். பாரிசிலிருந்து வந்து வோர்சியில் ஆட்களை இறக்கிவிட்டு அப்பால் போகிற ஆறு மணி நாலு நிமிஷ ரயில். முன்னால் மூன்று பெட்டிகளில் ஏறவும். அவளே கூடப் போய் ஏற்றிவிட்டு, வீட்டுச் செருப்போடு என் கடைக்கு வந்து நின்றாள். கண்ணில் ஈரம். நான் கவனிக்காத மாதிரி கிளாஸைத் துடைத்தேன்.

அதே ரயிலில் இறங்கிய கூட்டம் வழக்கம்போல் கடைக்குள் நுழைந்தது. அதில் லுதோவிக் என்கிற வங்கிக்காரன், தூங்குவதற்கே பிறந்தவன்.

"இன்னிக்கு ஒழுங்கா முழிச்சுகிட்டு எறங்கிட்டியா?" என்றேன்.

"போன வாரம் பட்டது போதும்பா. தூங்க எடம் கெடைக்கும்னு முன்பெட்டிக்குப் போனேன். முழிச்சுப் பாத்தா கிரான்ஷ்! சுத்திப் பாத்தா மாடுதான் நிக்குது."

"பெல்வோவுக்குத்தானே போகும் அந்த ரயில்?" என்றாள் ரொலாந்த்.

"புது அட்டவணை வந்ததுலேருந்து தூர்னெல்ல அதை ரெண்டா வெட்டறாங்க, மதாம். பின்பாதி பெல்வோ. முன்பாதி கிரான்ஷ். உங்களுக்குத் தெரியாதா?"

கடை சிரித்தது. ரொலாந்தின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் நடக்கப் பழகிய குழந்தைகூட முன்பெட்டியில்தான் ஏறும். காலையில் பாரிசில் இறங்கினால் வெளிவாசல் முன்பெட்டிக்கு நேரே இருக்கும், பின்னால் ஏறியவன் கூட்டத்தில் ஊர்ந்து பத்து நிமிஷம் தொலைப்பான். முப்பத்தோரு வருஷமாக, தெரியாதவர் கேட்டால் "முன்னால மூணு பெட்டி" என்று சொல்லிச் சொல்லியே பழகிய கை அவளுடையது. எதிர்த்திசையில் போகிற ரயிலுக்கும் அதையே எழுதிவிட்டது. எதிர்த்திசையில் எங்கள் ஊரில் யார் போனார்கள், தப்பு என்று தெரிவதற்கு?

அவள் சந்தோனிகளின் எண்ணை அழைத்தாள். அணைத்து வைத்திருந்தார்கள். தூர்னெல் நிலையத்தை அழைத்தாள். பதிவு செய்த குரல் ஒன்று எண்களை அழுத்தச் சொன்னது.

"நான் எடுத்துப் பேசின போனை இப்ப மெஷின் எடுக்குது!" என்று தொலைபேசியை மேசையில் அடித்தாள். "மர்சியால், வண்டியை எடு."

"கடை?"

"தீப்பிடிக்கட்டும்!"

லுதோவிக்கின் கழுத்தில் என் துண்டை மாட்டினேன். "தூங்கினா கொன்னுடுவேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அறுபத்தாறு வயதில் நான் ஓடியதை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது.

தூர்னெலுக்கு ரயில் இருபத்தைந்து நிமிஷம், இடையில் நான்கு நிறுத்தம். எங்களுக்கு ஏழு நிமிஷம் போய்விட்டிருந்தது. காட்டு வழியில் விட்டேன். பத்திரிகைக் கட்டு ஏற்றுகிற என் கிழட்டு வேன் அப்படிப் பறக்கும் என்று எனக்கே தெரியாது. ஒரு வளைவில் டிராக்டர் ஒன்று வைக்கோல் மூட்டைகளோடு ஊர்வலம் போல முன்னால் போனது. நான் ஹாரனை அழுத்தியபடியே அவன் ஏழு தலைமுறையையும் விசாரித்தேன். ரொலாந்த் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, "பிரசவ கேஸ்! பிரசவ கேஸ்!" என்று கத்தினாள். அவன் ஒதுங்கினான். தாண்டும்போது அவள் நரைத்த தலையைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"யாருக்குப் பிரசவம்?" என்றேன்.

"ஓட்டுய்யா!"

பயத்திலும் சிரித்தோம். ஆனால் அடுத்த நிமிஷமே அவள் அடங்கிப்போனாள். "எழுபத்தஞ்சு வருஷமா காத்திருந்த பொம்பளை. என்னை நம்பி ஏறினா. நான் போற போக்குல இப்படி ஒரு காரியம் பண்ணிட்டுப் போகணுமா?" என்றாள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.

தூர்னெல் நடைமேடையில் ரயில் நின்றுகொண்டிருந்தது. நடுவில் இணைப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ரொலாந்த் ஒரு செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு ஓடினாள். முதல் பெட்டி, ஜன்னலோரம், தெவோத் பேசிக்கொண்டிருந்தார்.

"எறங்குங்க மதாம், எறங்குங்க! இது கிரான்ஷ் போகுது!"

"அப்படித்தான் ஸ்பீக்கர்லயும் சொன்னான்," என்றார் தெவோத் அசையாமல். தாளை விரித்துக் காட்டினார். "நான் நம்பலையே. ரயில்வேக்காரம்மா கைப்பட எழுதினது, ஸ்பீக்கர்காரன் உளர்றான்னு இந்தப் பெட்டியில இருக்கற எல்லாருக்கும் சொல்லிட்டேன். ரெண்டு பேர் எறங்கப் பாத்தாங்க, உக்கார வெச்சுட்டேன்."

"அந்தத் தாளை எழுதினவ நான்தான்! தப்பு என்னுது! நான் தப்பா எழுதிட்டேன்!"

ரொலாந்த் தன் தப்பை ஒப்புக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நடைமேடை முழுக்கக் கேட்டது. சந்தோனிகளும், அந்தப் பாவப்பட்ட இரண்டு பேரும் குதித்து இறங்கிப் பின்பாதியைப் பார்த்து ஓடினார்கள். அந்த இரண்டு பேர் இளவட்டம், ஏறிவிட்டார்கள். ஆன்ஜின் முழங்கால் அவ்வளவு தூரம் ஒத்துழைக்கவில்லை. இவர்களுக்கு முன்னால் கதவு மூடியது.

"எங்க தீவுல ரயில் ரெண்டா உடையாது," என்றார் ஆன்ஜ், மூச்சு வாங்க. "ஆடு குறுக்க வந்தா நிக்கும். அவ்வளவுதான். இந்த அக்கரை ஜனங்களுக்கு எதையாவது வெட்டிகிட்டே இருக்கணும்."

அவரைப் பழைய பத்திரிகைக் கட்டுகளின் மேல் உட்காரவைத்து, பெண்கள் இருவரையும் முன்னால் அடைத்துக்கொண்டு பெல்வோவுக்குப் பறந்தேன். வழி நெடுக தெவோத், "வேகமா! இன்னும் வேகமா!" என்று என் தோளில் குத்திக்கொண்டே வந்தார். பலூனை விட இதுதான் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

புல்வெளிக்கு நாங்கள் வந்தபோது ஏழு இருபத்தேழு. பலூன் நிமிர்ந்து நின்றது, சிவப்பும் மஞ்சளுமாக, ஒரு கல்யாண மண்டபம் உயரத்துக்கு. அடியில் நெருப்பு உறுமியது. கூடையில் ஏற்கெனவே நாலு பேர். பலூன்காரர் கடிகாரத்தைக் காட்டித் திட்டிக்கொண்டே தெவோத்தை ஏற்றினார். ஆன்ஜ் கூடை விளிம்பு வரை போனார். அண்ணாந்து பார்த்தார். இரண்டடி பின்னால் வந்தார். "நான் தண்ணி ஆளு. விழுந்தா நீந்தணும். மேலேருந்து விழுந்தா என்ன பண்றது?"

"நாப்பது வருஷமா உன்னைக் கட்டிகிட்டு இருக்கேன், ஒரு படி ஏற மாட்டியா?" தெவோத் கூடைக்குள்ளிருந்து கத்தினார். பிறகு ரொலாந்தைப் பார்த்தார். "அப்ப நீங்க ஏறுங்க."

"நானா? செருப்புகூட இல்ல!"

"மேகத்துல முள்ளா இருக்கு? ஏறுங்க!"

ரொலாந்த் என்னைப் பார்த்தாள். அறுபத்தெட்டு வயதுக்காரியின் முகத்தில் அப்படி ஒரு ஆசையை நான் பார்த்ததில்லை. நான் குனிந்து கையைக் கோர்த்துப் படியாக்கினேன். அவள் வெறுங்காலை வைத்து ஏறினாள். கயிறு விடுபட்டது. ஒரு சத்தமும் இல்லாமல் தரை அவர்களைக் கைவிட்டது.

பலூன் எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. கீழே இருந்து வண்டியில் துரத்திப் போய்த்தான் ஆட்களை ஏற்றிவர வேண்டும். பலூன்காரரின் உதவியாளர்கள் முன்னால் போக, நானும் ஆன்ஜும் ஒரு மணி நேரம் கழுத்து வலிக்கத் துரத்தினோம். கோதுமை வயல், ஆறு, திராட்சைத் தோட்டம், மடத்துக் கோபுரம். நான் பிறந்து வளர்ந்த இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இதெல்லாம் இருந்ததா என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. கடைசியில் ஒரு தரிசில் கூடை தட்டுத் தடுமாறி இறங்கிச் சாய்ந்தது. உள்ளேயிருந்து இரண்டு பெண்களின் சிரிப்பு வந்தது. அன்றைக்குத் தெவோத்தைப் பேசவிடாமல் பேசிய ஒரே ஜீவன் ரொலாந்த்தான்.

"மர்சியால், அந்த மடத்துக் கூரையில பாதி ஓடு பச்சை! எந்தப் பிரசுரத்துலயும் அது இல்ல! ஆத்துக்கு நடுவுல தீவு இருக்கு, தெரியுமா? வோர்சியைப் பாத்தேன்யா. என் கை அகலம்தான் இருந்துச்சு. ஒரு பக்கம் பாரிஸ் போற தண்டவாளம். இன்னொரு பக்கம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று என் கையைப் பிடித்து அழுதாள். "இன்னொரு பக்கத்துலதான் எல்லாமே இருக்குய்யா."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தரகர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் தோல் பை. அடுத்த வீட்டு மணியை மூன்று தடவை அடித்தார், ஜன்னலில் எட்டிப் பார்த்தார், பிறகு என் கடைக்கு வந்தார்.

"மதாம் ரொலாந்த் எங்க? இன்னிக்குக் கையெழுத்துப் போடணுமே."

"மடத்துக்குப் போயிருக்கா. சந்தோனிங்களோட. எட்டு மணி ரயில்ல."

"சாயங்காலம் இருப்பாங்களா?"

"சாயங்காலம் ஆத்துத் தீவு."

"சரி, நாளைக்கு வரேன்."

"நாளைக்குக் கோட்டை. புதன்கிழமை காடு."

அந்த மனிதருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அவங்க இந்த ஊரை விட்டுப் போறதா இல்லையா, அதைச் சொல்லுங்க."

நான் அவருக்கு ஒரு காப்பியைத் தள்ளினேன். "எப்படிப் போவா? அவ இங்கேருந்துதானே எல்லா எடத்துக்கும் போகணும்."